டயாலிசிஸ் அறையில் எதை எண்ணுவது?

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் முன்கையை ஒருமுறை தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வியப்பு மறக்காது. தோலுக்கு அடியில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு நரம்பு புடைத்து ஓடும். மேலே விரலை வைத்தால் உள்ளே ஏதோ விடாமல் அதிரும். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் ‘உஸ்ஸ்... உஸ்ஸ்...’ என்று இரைச்சல் கேட்கும். நாடித் துடிப்பு விட்டு விட்டு வரும். இது நிற்பதே இல்லை. நல்ல உடம்பில் கையில் ஓடும் ரத்தம் இப்படிச் சத்தம் போடுவதில்லை. பழுதானது சிறுநீரகம். அது இருப்பது முதுகுப்புறம், விலா எலும்பை ஒட்டி. கைக்கு என்ன ஆயிற்று?

கையை அப்படி ஆக்கியது நோய் அல்ல, அறுவை மருத்துவர்தான். மணிக்கட்டின் அருகிலோ முழங்கை மடிப்பிலோ ஒரு தமனியையும் ஒரு சிரையையும் திறந்து ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருக்கிறார். ஊரில் நாம் நரம்பு என்று சொல்வது பெரும்பாலும் சிரையைத்தான். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவருவது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது சிரை. இரண்டையும் இணைத்த இடத்துக்கு ஃபிஸ்டுலா என்று பெயர். டயாலிசிஸ் இயந்திரத்துக்கு ரத்தம் போய்த் திரும்பும் வாசல் அதுதான். மருத்துவமனையில் இந்த வாசலைப் பொதுவாக ‘ஆக்சஸ்’ என்பார்கள். இங்கே ரத்தவழி என்று வைத்துக்கொள்வோம்.

டயாலிசிஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது இயந்திரம். எத்தனை இயந்திரம் வந்தது, எந்த மருத்துவமனையில் திறந்தார்கள் என்றுதான் செய்தி வருகிறது. ரத்தவழி கெட்டுவிட்டால் அந்த இயந்திரம் பக்கத்திலேயே இருந்தும் பயனில்லை. ஒரு மையம் நன்றாக நடக்கிறதா என்று அறிய அங்கே வருபவர்களின் கையையும் கழுத்தையும் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். ஆனால் எதை எண்ணுவது, எவ்வளவு இருந்தால் நல்லது என்று ஓர் இலக்கு வைக்கப் போனால் கதை சிக்கலாகிறது. மருத்துவ உலகம் அதில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகத் திருத்தித் திருத்திப் பாடம் படித்துக்கொண்டிருக்கிறது. நம் ஊர் மையங்களுக்கு அந்தப் பாடம் இப்போது தேவைப்படுகிறது.

முதலில் வாசல் ஏன் வேண்டும் என்பதைப் பார்ப்போம். திருவண்ணாமலையில் பெரிய கோயிலிலிருந்து பார்த்தால் மலைக்கு மறுபக்கம், கிரிவலப் பாதையில் இருக்கிறது அடி அண்ணாமலை. அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குக் கிணறும் மோட்டாரும் கைவந்த விஷயம். மோட்டார் எவ்வளவு இழுக்கிறதோ அதற்கு ஈடாகக் கிணற்றில் ஊற வேண்டும். ஊற்று குறைந்த கிணற்றில் பெரிய மோட்டாரை வைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் கீழே போய், குழாய் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும். மோட்டாரை மாற்றிப் பயனில்லை. கிணற்றைத்தான் ஆழப்படுத்த வேண்டும்.

டயாலிசிஸ் இயந்திரத்திலும் ஒரு பம்பு இருக்கிறது. அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மில்லி ரத்தத்தை இழுத்து, வடிகட்டி வழியே அனுப்பி, திருப்பித் தருகிறது. ஒரு வேளைக்கு நான்கு மணி நேரம் என்றால் 72 லிட்டர். உடம்பில் இருப்பது சுமார் ஐந்து லிட்டர்தான். அதே ரத்தம் பதினான்கு தடவைக்கு மேல் வடிகட்டிக்குள் போய்வருகிறது. இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் ஊற்று முன்கையில் எங்கே இருக்கிறது? தோலுக்கு அடியில் தெரியும் சிரையில் ஊசி போடுவது சுலபம், ஆனால் அதில் ஓடுவது சொற்பம். பம்பு இழுத்தால் அதன் சுவர் ஒட்டிக்கொள்ளும். தமனியில் அழுத்தம் உண்டு. ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது. அதைக் குத்தினால் ரத்தப்போக்கை நிறுத்துவது சிரமம். திரும்பத் திரும்பக் குத்தினால் சுவர் பலவீனமாகி வீங்கும். வாரம் இரண்டு டயாலிசிஸ், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஊசி என்றால் வருடத்துக்கு 208 குத்து. எந்தத் தமனியும் இதைத் தாங்காது.

செயற்கைச் சிறுநீரகத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கே இதுதான் பெரிய தடையாக இருந்தது. 1943-இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், கம்பன் என்ற சிற்றூர் மருத்துவமனையில், வில்லெம் கோல்ஃப் தன் சுழலும் உருளை இயந்திரத்தை ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்தக்குழாயைத் திறந்தாக வேண்டும். முடிந்ததும் அதைக் கட்டிவிட வேண்டும். அவருடைய முதல் நோயாளிகளில் ஒருவரான 29 வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு முறை டயாலிசிஸ் செய்தார். அதற்கு மேல் குழாய் கிடைக்கவில்லை. இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்தது, வாசல்தான் தீர்ந்துபோயிற்று. அந்தப் பெண் இறந்தார்.

1960 மார்ச்சில் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் இந்தத் தடையை முதன்முதலில் உடைத்தார். டெஃப்லான் குழாய் ஒன்றைத் தமனிக்கும் இன்னொன்றைச் சிரைக்கும் நிரந்தரமாக வைத்து, இரண்டையும் தோலுக்கு வெளியே வளைத்து இணைத்தார். அந்த முதல் நோயாளி போயிங் ஆலையின் இயந்திரத் தொழிலாளி. அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் கிருமி ஏறும், ரத்தம் உறையும், சில சமயம் கழன்றும் விடும்.

அடுத்த படி நியூயார்க்கில் நடந்தது. பிராங்க்ஸ் பகுதியிலிருந்த முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் ஜேம்ஸ் சிமினோ, மைக்கேல் பிரெஷியா இருவரும் ஊசியால் சிரையிலிருந்தே ரத்தம் எடுக்க முயன்று, ஓட்டம் போதாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். போரில் குண்டடி பட்டுத் தமனியும் சிரையும் தாமாகவே ஒட்டிக்கொண்ட வீரர்களைப் பற்றி மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் கையில் சிரை புடைத்து ரத்தம் பாய்ந்து ஓடும். அதோடேயே பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்டு. விபத்தில் நேர்ந்ததை ஏன் வேண்டுமென்றே செய்யக் கூடாது? 1965-இல் கென்னத் ஆப்பெல் என்ற அறுவை மருத்துவர் மணிக்கட்டில் அதைச் செய்து கொடுத்தார். 1966-இல் கட்டுரை வெளிவந்தது. இன்று திருவண்ணாமலையில் ஒருவர் கையில் வைக்கும் ஃபிஸ்டுலா அடிப்படையில் அதே அறுவைதான்.

இந்தியாவுக்கு டயாலிசிஸ் வந்தது இங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1960-களின் தொடக்கத்தில் நாட்டின் முதல் ஹீமோடயாலிசிஸ் நடந்தது. 1971-இல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையும் அங்கேதான்.

தமனியைச் சிரையோடு இணைத்ததும் என்ன நடக்கிறது? மணிக்கட்டுத் தமனியில் சாதாரணமாக நிமிடத்துக்கு இருபது முப்பது மில்லிதான் ஓடும். விரல் நுனிகளில் உள்ள நுண்குழாய்கள் பெரும் தடை. அவற்றைத் தாண்டித்தான் ரத்தம் சிரைக்குப் போக வேண்டும். இணைப்பு வைத்ததும் தடை இல்லாத குறுக்குவழி ஒன்று திறந்துவிடுகிறது. ரத்தம் அதில் பாய்கிறது. பாயும் ரத்தம் குழாயின் உட்சுவரை உரசுகிறது. உட்சுவரில் ஓர் அடுக்காகப் படர்ந்திருக்கும் செல்கள் அந்த உரசலை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகின்றன. அது குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. விரிந்ததும் இன்னும் அதிக ரத்தம் வருகிறது. மெல்லிய சிரை நாளடைவில் அகன்று சுவர் தடித்துவிடுகிறது. இதை ஃபிஸ்டுலா ‘முதிர்வது’ என்கிறார்கள். முதிர ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். முதிர்ந்ததா என்று பார்க்க ஓர் எளிய கணக்கும் உண்டு: நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம், 6 மில்லிமீட்டர் அகலம், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்கு உள்ளேயே ஆழம், வைத்த ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை. ஊற்று 600 இருந்தால் 300 இழுக்கும் மோட்டார் நிம்மதியாக ஓடும்.

அதிர்வுக்குக் காரணமும் இதுதான். அழுத்தம் மிகுந்த குழாயிலிருந்து அழுத்தம் குறைந்த குழாய்க்கு ரத்தம் வேகமாகப் பாயும்போது சீரான ஓட்டம் குலைந்து சுழல்கள் உண்டாகின்றன. செவிலியர்கள் இதை ‘த்ரில்’ என்பார்கள். “ஐயா, கைய நீட்டுங்க. த்ரில் நல்லா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே விரலை வைப்பார்கள். வருபவரும் பழகியிருப்பார்: “ஓடுது சிஸ்டர், காலைலயே பாத்துட்டேன்.” தேர்ந்த செவிலியரின் விரலுக்கு இதற்கு மேலும் தெரியும். அதிர்வு போய்த் துடிப்பு மட்டும் பலமாகத் தெரிந்தால் மேலே எங்கோ குழாய் சுருங்குகிறது என்று அர்த்தம். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார்கள். புடைத்த சிரை அப்போது அமுங்க வேண்டும். அமுங்காமல் விறைத்து நின்றால் வடியும் பாதையில் அடைப்பு. ஊசியை எடுத்த பிறகு பஞ்சு வைத்து அழுத்தி எத்தனை நேரத்தில் ரத்தம் நிற்கிறது என்பதும் ஒரு சான்று. எப்போதும் பத்து நிமிடத்தில் நிற்பது இருபதுக்குப் போனால், உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. ஸ்கேன் இல்லாத இடத்தில்கூட இவ்வளவையும் விரலும் கடிகாரமும் சொல்லிவிடும்.

சரி, ஃபிஸ்டுலா இல்லாதவர் என்ன செய்வார்? கழுத்துச் சிரையில் ஒரு குழாயைச் செருகி அதன் நுனி இதயத்தின் வாசல்வரை போகும்படி வைப்பார்கள். கதீட்டர் என்பது அதன் பெயர். நோயாளிகள் ‘கழுத்து டியூப்’ என்பார்கள். வைத்த உடனே டயாலிசிஸ் தொடங்கலாம், அதுதான் அதன் ஒரே பெரிய நன்மை. தோலில் நிரந்தரமாக ஒரு துளை இருப்பதால் கிருமிகள் குழாயின் மேல் படலமாகப் படிந்து நேரே ரத்தத்துக்குப் போய்விடும். டயாலிசிஸ் தொடங்கிய அரை மணியில் ஒருவர் குளிரில் வெடவெடவென நடுங்கினால் அங்கே இருக்கும் எல்லோருக்கும் காரணம் தெரியும். இரண்டு வாரத்துக்காக வைக்கும் தற்காலிகக் குழாய் பலருக்கு மாதக்கணக்கில் கிடக்கிறது. குழாய் கிடந்த பெருஞ்சிரை உள்ளே தழும்பேறிச் சுருங்கிவிட்டால், பின்னால் அந்தப் பக்கத்துக் கையில் ஃபிஸ்டுலா வைத்தாலும் கை வீங்கிப்போகும். காறை எலும்பின் கீழுள்ள சிரையில் குழாய் வைத்தால் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஆக, ஃபிஸ்டுலா நல்லது, குழாய் கெட்டது. இலக்கு வைப்பது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1997-இல் அமெரிக்காவின் தேசியச் சிறுநீரக அறக்கட்டளை முதல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, இத்தனை சதவீதம் பேருக்கு ஃபிஸ்டுலா இருக்க வேண்டும் என்று எண் கொடுத்தது. 2003-இல் ‘ஃபிஸ்டுலாவே முதலில்’ என்ற தேசிய இயக்கம் அங்கே தொடங்கியது. டயாலிசிஸில் இருப்பவர்களில் 66 சதவீதம் என்று இலக்கு. அப்போது இருந்தது மூன்றில் ஒரு பங்கு. பத்து ஆண்டுகளுக்குள் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். இவ்வளவு பெரிய மாற்றம் மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

ஆனால் இன்னோர் எண் அசையவே இல்லை. புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் கழுத்துக் குழாயோடுதான் தொடங்கினார்கள். இயக்கத்துக்கு முன்பும் அப்படித்தான், பின்பும் அப்படித்தான். எண்ணியது நகர்ந்தது. எண்ணாமல் விட்டது நின்ற இடத்திலேயே நின்றது.

இதைவிடக் கூர்மையான பாடம் 2008-இல் வந்தது. புதிதாக வைத்த ஃபிஸ்டுலாக்களில் பல முதல் சில வாரங்களிலேயே ரத்தம் உறைந்து அடைபடும். இதயநோயாளிகளுக்குக் கொடுக்கும் குளோபிடோகிரல் மாத்திரை இதைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் ஒன்பது மையங்களில் 877 பேரிடம் சோதித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். ஆறு வாரத்தில் வெற்று மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 19.5 பேருக்கு அடைபட்டிருந்தது. மருந்து எடுத்தவர்களில் 12.2 பேருக்கு. நல்ல பலன். இதோடு நிறுத்தியிருந்தால் மருந்து உலகெங்கும் பரவியிருக்கும்.

ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. அந்த ஃபிஸ்டுலாவால் டயாலிசிஸ் செய்ய முடிந்ததா என்றும் கேட்டார்கள். அதற்குக் கறாரான ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள்: ஒரு மாதத்தில் பன்னிரண்டு டயாலிசிஸ் நடந்தால் அதில் எட்டிலாவது பம்பு நிமிடத்துக்கு 300 மில்லி இழுத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இரண்டு குழுவிலும் நூற்றுக்கு அறுபது பேருக்கு ஃபிஸ்டுலா உதவவில்லை. மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசமே இல்லை. அடைபடாமல் இருப்பது ஒன்று, வேலைக்கு உதவுவது வேறொன்று. கிணற்றில் தண்ணீர் தெரிந்தது. மோட்டாரை ஓட்டத்தான் போதவில்லை.

இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். நோயாளிக்கு எது கிடைத்தது என்பதை எண்ணும் துணிவு அதில் இருக்கிறது. அதே சமயம் அது வெளிப்படுத்திய எண் யாரையும் உறங்கவிடக் கூடாதது. அறுவை செய்து, தழும்போடு, மூன்று மாதம் காத்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தக் கை பயன்படவில்லை. ‘ஃபிஸ்டுலா வைத்தவர் எத்தனை பேர்’ என்று எண்ணும் மையம் இவர்கள் எல்லோரையும் வெற்றிக் கணக்கில் எழுதியிருக்கும்.

ஃபிஸ்டுலா உள்ளவர்கள் குழாய் உள்ளவர்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள் என்பது நெடுங்காலமாகத் தெரியும். அது ஃபிஸ்டுலாவின் புண்ணியமா, அல்லது உடம்பு திடமாக இருப்பவர்களுக்குத்தான் மருத்துவர்கள் ஃபிஸ்டுலா வைக்கிறார்களா? இதைப் பிரித்தறிய 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல உத்தியைக் கையாண்டது. மூன்றாவதாக ஒரு கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள்: ஃபிஸ்டுலா வைத்தும் பலிக்காமல் குழாயோடு டயாலிசிஸ் தொடங்கிய முதியவர்கள். குழாய்தான் ஆளைக் கொல்கிறது என்றால் இவர்களும் மற்றக் குழாய்க்காரர்களைப் போலவே இறந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இவர்களுடைய ஆயுள் ஃபிஸ்டுலா உள்ளவர்களை நெருங்கியே இருந்தது. ஃபிஸ்டுலாவுக்குத் தகுதியான உடம்பு என்பதே நன்மையின் பெரும்பகுதிக்குக் காரணம் என்று தெரிந்தது. குழாயின் கிருமித்தொற்று பொய்யல்ல; ஆனால் ஒரு சதவீதத்தை மட்டும் துரத்தினால் எண்பது வயதில் இதயம் தளர்ந்த பாட்டிக்கும் கையைக் கிழிக்க வேண்டிவரும்.

ஜப்பானில் பத்தில் ஒன்பது பேர் ஃபிஸ்டுலாவில்தான் இருக்கிறார்கள். அங்கே பம்பை நிமிடத்துக்கு 200 மில்லி அளவில் மெதுவாக ஓட்டுவது வழக்கம், அமெரிக்காவில் 400. சிறிய ஊற்றே போதும் என்றால் அதிகக் கைகள் தேறிவிடுகின்றன. ஒரு நாட்டின் எண்ணை அப்படியே எடுத்து இன்னொரு நாட்டுச் சுவரில் ஒட்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2019-இல் அதே அமெரிக்க அறக்கட்டளை தன் நெறிகளைத் திருத்தி எழுதியபோது ‘எல்லோருக்கும் ஃபிஸ்டுலா’ என்ற பேச்சு பின்னுக்குப் போயிற்று. ஒவ்வொருவருக்கும் அவருடைய வயது, உடம்பு, மாற்று அறுவைக்கு வாய்ப்பு எல்லாவற்றையும் பார்த்து ஒரு வாழ்நாள் திட்டம் எழுதச் சொன்னார்கள். இந்த வழி கெட்டால் அடுத்தது எது என்பதும் அந்தத் திட்டத்திலேயே இருக்க வேண்டும். சிலருக்கு வயிற்றுவழி டயாலிசிஸே பொருத்தம். அதற்கு ரத்தவழியே தேவையில்லை. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். குழாய் வைத்தே தீர வேண்டியவர்களுக்கும் ஓர் இலக்கு உண்டு: ஆயிரம் குழாய்-நாளுக்கு ரத்தத் தொற்று ஒன்றரையைத் தாண்டக் கூடாது. ஒருவருக்குக் குழாய் இருந்த ஒரு நாள் ஒரு குழாய்-நாள். பத்துப் பேருக்கு ஒரு மாதம் இருந்தால் முந்நூறு.

இனி நம் பக்கம். மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-இல் வந்ததாலும், மாநிலத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தாலும் மாவட்டத் தலைநகரங்களில் ஏழைகள் காசில்லாமல் டயாலிசிஸ் செய்துகொள்ள முடிகிறது. இது சாதாரண விஷயமல்ல. ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த நோய் வந்த கூலித் தொழிலாளிக்குச் சென்னைக்கோ வேலூருக்கோ போய்த் தங்க வழியிருக்காது. சில வாரங்களில் முடிந்துவிடும். இயந்திரம் பக்கத்தில் வந்துவிட்டது. இனி வாசலைப் பற்றிப் பேச வேண்டும்.

அப்படி ஒரு மையத்தில் ஐம்பது பேர் வருவதாக ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். நாற்பது பேருக்கு ஃபிஸ்டுலா. எண்பது சதவீதம்! அறிக்கையில் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்த வருடத்தில் புதிதாக வந்தவர்கள் இருபது பேர், அதில் பதினேழு பேர் கழுத்துக் குழாயோடு வந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் மூன்று மாதத்துக்குள் இறந்துவிட்டார்கள் என்றால்? இறந்தவர்கள் வருடக் கடைசியில் எடுக்கும் கணக்கில் இல்லை. இருப்பவர்களை மட்டும் எண்ணினால் குழாயோடு இறந்த ஒவ்வொருவரும் அந்தச் சதவீதத்தை உயர்த்திவிட்டுப் போகிறார். இது கொடுமையான கணக்கு. அதனால் நடப்பு நோயாளிகளின் கணக்கும் புதிய நோயாளிகளின் கணக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். புதியவர் வந்த நாளிலிருந்து அவரை எங்கும் தவறவிடாமல் பின்தொடர வேண்டும்.

சின்ன மையங்களுக்கு இன்னொரு தொல்லை, எண்ணிக்கை குறைவு. பத்துக் குழாய்கள் உள்ள இடத்தில் ஒரு மாதம் ஒரே ஒரு தொற்று வந்தாலும் ஆயிரம் நாளுக்கு மூன்று என்று ஆகிவிடும். இலக்கைப் போல இரு மடங்கு. அடுத்த மாதம் ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யம். மாதா மாதம் இப்படி ஏறி இறங்குவதைப் பார்த்துப் பாராட்டுவதும் திட்டுவதும் வீண். ஒரு வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் 3,650 குழாய்-நாள். அதில் ஐந்துக்கு மேல் தொற்று வந்தால் கைகழுவும் முறையில், குழாயின் மூடியைத் திறக்கும் முறையில் எங்கோ பிசகு இருக்கிறது என்று உறுதியாகத் தேடலாம்.

என்னைக் கேட்டால், நம் ஊர் மையத்துக்கு மிகவும் தேவையான எண் சதவீதமே அல்ல, இரண்டு தேதிகள். ஃபிஸ்டுலா வைத்த தேதி ஒன்று, முதல் டயாலிசிஸ் நடந்த தேதி இன்னொன்று. எது முந்தியது? எத்தனை வாரம் முந்தியது? பிந்தியது என்றால் அந்த இடைவெளி முழுவதும் கழுத்தில் குழாய் கிடந்திருக்கிறது. ‘இரண்டு ஊசியிலேயே முழு டயாலிசிஸும் நடந்த முதல் நாள்’ என்று மூன்றாவது தேதியையும் எழுதிவிட்டால் 2008 ஆய்வு கற்றுக்கொடுத்த பாடமும் பதிவேட்டுக்குள் வந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும்.

நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம்: அடைபட்ட ஃபிஸ்டுலா எத்தனை மணி நேரத்தில் அறுவை மருத்துவர் கைக்குப் போகிறது என்பது. உறைந்த ரத்தத்தை ஓரிரு நாளுக்குள் எடுத்தால் பல ஃபிஸ்டுலாக்களைக் காப்பாற்றிவிடலாம். தாமதித்தால் அது சுவரோடு ஒட்டிக் கெட்டியாகிவிடும். அடி அண்ணாமலையில் இருப்பவருக்கு டவுன் மருத்துவமனை சில கிலோமீட்டர்தான். ஆனால் பௌர்ணமி அன்றோ கார்த்திகை தீபத்தன்றோ கிரிவலப் பாதை முழுக்க ஜனம், வண்டிகளைக் கட்டுப்படுத்திவிடுவார்கள். அன்று இரவு த்ரில் நின்றால் “காலைல பாத்துக்கலாம்”, “அடுத்த டயாலிசிஸ்ல சொல்லிக்கலாம்” என்று விடுவதுதான் நடக்கும். டயாலிசிஸ் மையம் அந்த நாட்களுக்கு ஒரு தொலைபேசி எண்ணும், அவசரத்துக்கு எந்தப் பக்கமாக வருவது என்ற ஏற்பாடும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் ஒரு கை பிழைக்கும். காலையில் பல் துலக்கும்போதும் இரவு படுக்கும்போதும் மறு கையை அதன் மேல் வைத்துப் பார்க்கும் பழக்கம் நோயாளிக்கு மட்டுமல்ல, வீட்டில் இன்னொருவருக்கும் வேண்டும். பேத்திகூடக் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டு தேதிகளுக்குத் திரும்புவோம். ஃபிஸ்டுலா முந்த வேண்டுமானால் டயாலிசிஸ் தேவைப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோர் மூச்சுத் திணறி, கால் வீங்கி, வாந்தியோடு அவசரப் பிரிவுக்கு வரும்போதுதான் சிறுநீரகம் பழுதானதையே அறிகிறார்கள். அன்றைக்கே டயாலிசிஸ் வேண்டும்; கழுத்துக் குழாய் தவிர வேறு வழியில்லை. அதைச் செருகும் மருத்துவர்மேல் குற்றமில்லை. குறை அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர்தான் அவர். கிரியேட்டினின் என்ற ஒரு ரத்தப் பரிசோதனை போதும்; அதிலிருந்து சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். நல்ல சிறுநீரகத்தில் அது நூறு மில்லியை ஒட்டி இருக்கும். இருபதுக்குக் கீழே வந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் ஃபிஸ்டுலாவுக்கு அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் என்கின்றன 2019 நெறிகள்.

அதற்கும் முன்னாலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஃபிஸ்டுலா ஆகப்போகும் சிரையைக் காப்பது. காய்ச்சலுக்குக் குளுக்கோஸ் ஏற்றவும் ரத்தப் பரிசோதனைக்கும் முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் குத்திக் குத்தி, ஊசி நாட்கணக்கில் கிடந்து, சிரை கெட்டிப்பட்டுக் கயிறாகிப் போன கைகள் ஏராளம். அங்கே எத்தனை கைதேர்ந்த அறுவை மருத்துவர் வந்தாலும் இணைக்க ஏதும் இருக்காது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். கிரியேட்டினின் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவர்கள் கேட்கலாம். சிறுநீரகம் தளர்வது தெரிந்தவரின் மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ‘இந்தக் கையில் ஊசி வேண்டாம், ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டாம்’ என்று எழுதித் தரலாம். வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கை, இடது கைப் பழக்கம் உள்ளவருக்கு வலது கை. குறிப்பேடு கையில் இல்லாத நேரத்திலும் லேபில் உட்கார்ந்து நீட்டும்போது நோயாளியே சொல்லிவிடலாம்: “இந்தக் கை வேணாம்மா, அந்தக் கையில புறங்கையில எடுங்க.”